ஓடுபாதையின் முடிவில்

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள். கொரோனா பரவியிருந்த காலம். துபாயிலிருந்து ஒரு விமானம் கோழிக்கோட்டுக்கு வந்தது. அதில் பயணிகள் 184 பேர். விமானிகளும் பணியாளர்களும் 6 பேர்.

கோழிக்கோடு விமான நிலையம் கேரள மாநிலம் கரிப்பூரில் உள்ளது. குன்றின் உச்சியைச் சமப்படுத்தி ஓடுபாதை போட்டிருக்கிறார்கள். அது ஒரு மேசையைப் போன்றது. பாதை முடிந்தால் பள்ளம்.

இருட்டிவிட்டது. நல்ல மழை. முதல் முறை விமானம் இறங்க முடியவில்லை. மேலே ஏறிச் சுற்றி வந்தது. அடுத்த முறை பாதையின் மறுமுனையிலிருந்து இறங்கியது. அப்போது காற்று பின்னாலிருந்து வீசியது.

எதிர்க்காற்று விமானத்தின் வேகத்தைக் குறைக்கும். பின்காற்று அதை முன்னே தள்ளும். ஈரமான பாதையில் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. மழையில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது தெரியும்.

ஓடுபாதையின் நீளம் சுமார் 2,700 மீட்டர். விமானம் பாதையின் தொடக்கப் பகுதியிலேயே தரையைத் தொட வேண்டும். ஆனால் சுமார் 1,350 மீட்டர் கடந்த பிறகுதான் தொட்டது. பாதிப் பாதை வீணாகிவிட்டது. மீதிப் பாதையில் விமானத்தை நிறுத்த முடியவில்லை. அது பள்ளத்தில் விழுந்து உடைந்தது. நல்லவேளையாகத் தீப்பிடிக்கவில்லை.

சத்தம் கேட்டு ஊர் மக்கள் ஓடி வந்தார்கள். மழையையும் பார்க்கவில்லை. நோய்க்கும் அஞ்சவில்லை. காயம்பட்டவர்களைத் தூக்கினார்கள். கிடைத்த வண்டிகளில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அன்று இரவே பலர் வரிசையில் நின்று இரத்தம் கொடுத்தார்கள்.

இரண்டு விமானிகளும் இறந்தனர். மொத்தம் 21 பேர் உயிரிழந்தனர். மற்றவர்கள் பிழைத்தார்கள்.

விபத்து ஏன் நடந்தது? அரசு விசாரணை நடத்தியது. தரையைத் தொடும் முன்பே, மீண்டும் மேலே ஏறச் சொல்லித் துணை விமானி எச்சரித்திருந்தார். தலைமை விமானி மேலே ஏறவில்லை.

2010-ஆம் ஆண்டு மங்களூரிலும் இப்படி ஒரு விபத்து நடந்தது. அங்கும் ஓடுபாதை குன்றின் மேல்தான் உள்ளது. அங்கும் துணை விமானி எச்சரித்தார். அங்கும் தலைமை விமானி கேட்கவில்லை. 158 பேர் இறந்தனர். 8 பேர் மட்டுமே பிழைத்தனர்.

மேலே ஏறிச் சுற்றி வந்தால் சிறிது நேரம்தான் போகும். அது தோல்வி அல்ல. ஆபத்தை முதலில் காண்பவர் சிறியவராகவும் இருக்கலாம். அவர் சொல்லத் தயங்கக் கூடாது. பெரியவர் கேட்கத் தயங்கக் கூடாது. லாரி ஓட்டுபவருக்கும், கிணறு வெட்டுபவருக்கும், இயந்திரத்தில் வேலை செய்பவருக்கும் இது பொருந்தும்.

பயிற்சி

1. பின்காற்று விமானத்தை என்ன செய்யும்?
2. விமானம் தரையைத் தொட்டபோது எத்தனை மீட்டர் பாதை மீதி இருந்தது? கணக்குப் போடுங்கள்.
3. கரிப்பூர் மக்கள் எவ்வாறு உதவினார்கள்?
4. உங்கள் வேலையில் யாராவது "நிறுத்து" என்று எச்சரித்ததுண்டா? அப்போது என்ன செய்தீர்கள்? நான்கு வரிகள் எழுதுங்கள்.