குறைந்த முதலில் பழைய பிரித்தானிய நாணயச் சேகரிப்பு

சில வருடங்களுக்கு முன்னர் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது மேல்தட்டிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் பேணி கிடைத்தது. வாப்பாவின் தகப்பனார் காலத்துப் பேணி. உள்ளே முப்பது காசு வரையில் இருந்தது. பெரிய கபில நிறப் பென்னிகள், கறுத்துப்போன சில வெள்ளிக் காசுகள், அவற்றோடு விரல் நகத்தளவு செம்புக் காசுகள் இரண்டு. நான் செய்த முதல் வேலை, பழப்புளி கரைத்து எல்லாவற்றையும் ஊறவைத்துத் தேய்த்ததுதான். எல்லாம் பளபளவென்று வந்தன. பெருமையோடு கொழும்பில் பழங்காசு வாங்கி விற்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நானா, இந்தச் சின்னக் காசு ரெண்டும் நல்ல சாமான். கழுவாமக் கொண்டு வந்திருந்தா நீங்க கேட்ட விலைக்கு எடுத்திருப்பேன்" என்றார். பிறகு அவர் சொன்ன விலையில் எனக்கு வீடு திரும்பும் பஸ் காசும் ஒரு பிளேன்டியும்தான் தேறியிருக்கும். விற்காமல் திரும்பி வந்தேன்.

பழைய நாணயம் சேகரிப்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் நினைக்கின்றனர். பிரித்தானிய நாணயங்களைப் பொறுத்தவரை அது சரியல்ல. நூறு வருடம் பழைமையான காசை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுக்குள் வாங்கலாம். பணம் கைநழுவிப்போவது காசின் விலையால் அல்ல; எதை வாங்குவது, எதைத் தொடாமல் விடுவது என்று தெரியாததால்தான்.

முதலில் கணக்கு. 1971 பெப்ரவரி 15 வரை பிரித்தானியாவில் ஒரு ஸ்டேர்லிங் பவுண் 20 ஷில்லிங். ஒரு ஷில்லிங் 12 பென்னி. ஒரு பென்னி 4 ஃபார்திங். ஆக ஒரு பவுணுக்கு 240 பென்னி. இடையில் மூன்று பென்னி, ஆறு பென்னி, இரண்டு ஷில்லிங் பெறுமதியான ஃப்ளோரின், இரண்டரை ஷில்லிங் பெறுமதியான அரைக்கிரவுன், ஐந்து ஷில்லிங் கிரவுன் என்பன இருந்தன. நமது நகைக்கடைகளில் எட்டுக் கிராமை 'ஒரு பவுண்' என்று சொல்வதும் இந்தக் குடும்பத்து உறவுதான். சொவறின் எனப்படும் தங்கக் காசின் நிறை 7.98 கிராம். ஆனால் சொவறினை இந்தக் கட்டுரையில் சேர்க்கவில்லை. அதன் விலை தங்கத்தின் விலை. அதில் மலிவு என்ற பேச்சுக்கு இடமில்லை.

மலிவாகத் தொடங்க விரும்புபவர் பென்னியில் தொடங்கட்டும். 1860இல் பிரித்தானியா செம்பை விட்டு வெண்கலத்துக்கு மாறியது. அன்று தொடங்கிய 31 மில்லிமீற்றர் அகலமான பென்னி, 1960களின் இறுதிவரை அளவு மாறாமல் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது. 1967 என்று ஆண்டு பொறித்தவை மட்டும் 65 கோடிக்கு மேல். இவ்வளவு சரக்கு சந்தையில் இருக்கும்போது விலை எப்படி ஏறும்? அதே பென்னியில் 1951 ஆண்டுக்குரியவை 120,000 மட்டுமே. வயதில் இளைய அந்தக் காசுக்கு, அதைவிட ஐம்பது வருடம் மூத்த 1901 பென்னியைவிடப் பல மடங்கு விலை. வியாபாரம் செய்பவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. பழசு என்பதற்காக விலை வருவதில்லை. வரத்து எவ்வளவு, கேட்பவர் எத்தனை பேர் என்பதே விலை.

ஆறே ஆறு பென்னிகளை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். தலைமுடியைக் கொண்டை போட்ட இளம் விக்டோரியா மகாராணி (1860 முதல் 1894 வரை), முக்காடிட்ட முதிய விக்டோரியா (1895 முதல் 1901 வரை), ஏழாம் எட்வேர்ட், ஐந்தாம் ஜோர்ஜ், ஆறாம் ஜோர்ஜ், இரண்டாம் எலிசபெத். மறுபக்கத்தில் எல்லாவற்றிலும் கேடயத்தோடும் சூலத்தோடும் அமர்ந்திருக்கும் பிரித்தானியா என்னும் பெண்ணுருவம். இந்த ஆறில் பிந்திய நான்கும் தேய்ந்த நிலையில் ஒவ்வொன்றும் ஒரு ஸ்டேர்லிங் பவுணுக்கும் குறைவாகவே பொதுவாகக் கிடைக்கின்றன. கொண்டை விக்டோரியாவுக்குத்தான் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், அதுவும் எழுத்துகள் தெளிவாக இருந்தால். எட்டாம் எட்வேர்டைத் தேடி அலைய வேண்டாம். 1936இல் ஒரு வருடம்கூட நிறைவதற்கு முன் முடி துறந்தவர் அவர். அவர் உருவத்தோடு பிரித்தானியாவில் புழக்கத்துக்குக் காசு விடப்படவில்லை. யாராவது கொண்டுவந்து நீட்டினால் கதவைச் சாத்திவிடுங்கள்.

ஆறும் சேர்ந்த பிறகு ஆண்டு வரிசைக்குப் போகலாம். இங்கேதான் பூதக்கண்ணாடிக்கு வேலை. லண்டன் அரச நாணயசாலைக்கு வேலை கூடியபோது பேர்மிங்ஹாம் பகுதியிலிருந்த இரண்டு தனியார் நிறுவனங்களிடம் பென்னி அடிக்கும் வேலை கொடுக்கப்பட்டது. ஹீட்டன் நிறுவனம் அடித்தவற்றில் ஆண்டு இலக்கத்தின் இடப்பக்கம் 'எச்' என்ற சிறிய ஆங்கில எழுத்து இருக்கும். 1912, 1918, 1919 ஆண்டுகளில் இதைப் பார்க்கலாம். கிங்ஸ் நோர்ட்டன் நிறுவனம் அடித்தவற்றில் 'கே.என்.' என்ற இரண்டெழுத்து. இது 1918, 1919இல் மட்டும். தேய்ந்த காசில் இந்த எழுத்துகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். கலப்பாக நிறைவிலைக்கு விற்கும் மூட்டையில், விற்பவர் கவனிக்காமல் விட்ட இந்த எழுத்தைக் கண்டுபிடிப்பதில் உள்ள சந்தோஷம், மொத்த வியாபாரி தவறுதலாக நல்ல அரிசி மூட்டையைக் குறைந்த விலையில் தந்ததற்குச் சமம்.

1933ஆம் ஆண்டுப் பென்னி பற்றிப் பலர் கேட்பார்கள். அந்த ஆண்டு புழக்கத்துக்குத் தேவையான பென்னி போதுமானதாக இருந்ததால், விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே அடிக்கப்பட்டது. உங்கள் கைக்கு அது வராது. வந்தால் அது இலக்கம் திருத்தப்பட்டதாகவோ போலியாகவோ இருக்கும்.

இனி வெள்ளி. இரண்டு ஆண்டுகளை மனப்பாடம் செய்துகொண்டால் போதும். 1919 வரை அடிக்கப்பட்ட வெள்ளிக் காசுகளில் 92.5 வீதம் வெள்ளி. முதலாம் உலகப் போரின் பின் வெள்ளி விலை ஏறியதால் 1920இல் இது 50 வீதமாகக் குறைக்கப்பட்டது. 1947இல் வெள்ளி முற்றாகவே நீக்கப்பட்டு, செம்பும் நிக்கலும் கலந்த உலோகம் வந்தது. பார்வைக்கு 1946 ஷில்லிங்கும் 1947 ஷில்லிங்கும் அண்ணன் தம்பிபோல் இருக்கும். முன்னையதில் பாதி வெள்ளி, பின்னையதில் ஒன்றுமில்லை. அரைக்கிரவுனின் நிறை 14.1 கிராம். ஆகவே 1919க்கு முந்திய அரைக்கிரவுனில் ஏறக்குறைய 13 கிராம் வெள்ளியும், 1920 முதல் 1946 வரையிலானதில் 7 கிராமும் உண்டு. ஷில்லிங் 5.65 கிராம், ஆறு பென்னி 2.83 கிராம். அன்றைய வெள்ளி விலையை இந்தக் கணக்கில் பெருக்கிப் பார்த்தால், காசின் அடிமட்டப் பெறுமதி தெரிந்துவிடும். அதற்குச் சற்று மேலாக வாங்கினால் பெரிய நட்டம் வராது. ஆறாம் ஜோர்ஜ் காலத்து ஷில்லிங்கில் ஆங்கிலச் சிங்கம் ஒரு வகை, ஸ்கொட்லாந்துச் சிங்கம் ஒரு வகை என்று ஒரே ஆண்டில் இரண்டு உண்டு. அவருடைய மகாராணி ஸ்கொட்லாந்து வம்சத்தவர் என்பதால் செய்த மரியாதை அது. சிறுபிள்ளைகளுக்குக் காட்ட நல்லது.

ஃபார்திங்கும் அழகான காசு. 1937 முதல் 1956 வரை அதில் ஒரு சின்னக் குருவி இருக்கும். அதற்கு முந்தியவற்றில் ஒரு விசேடம்: 1897 முதல் சுமார் இருபது ஆண்டுகளுக்கு நாணயசாலையே ஃபார்திங்கைக் கறுப்பாக்கி வெளியிட்டது. புதிய ஃபார்திங்கை அரைச் சொவறின் தங்கக் காசு என்று ஏமாற்றிக் கொடுத்துவிடக்கூடாது என்பதற்காக. அந்தக் கறுப்பு அழுக்கல்ல, அதன் பிறவி நிறம். அதைத் தேய்த்துத் தங்க நிறமாக்குபவர், காசின் பாதி விலையைக் கையோடு கழுவி ஊற்றுகிறார்.

எனது பேணியிலிருந்த அந்த இரண்டு சின்னக் காசுகளுக்கு வருகிறேன். அவை அரை ஃபார்திங். அதாவது ஒரு பென்னியின் எட்டில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய காசு பிரித்தானியாவில் தேவைப்படவில்லை. 1828இல் அது முதன்முதலாக அடிக்கப்பட்டது இலங்கையின் பாவனைக்காகத்தான். ரூபாயும் சதமும் இங்கே 1872இல் வருவதற்கு முன்னர் நமது சந்தைகளில் பிரித்தானியக் காசே ஓடியது. கூலியும் மரக்கறியும் மலிவாக இருந்த நாட்டில் ஃபார்திங்கே பெரிய காசு. 1842இல் அரை ஃபார்திங் பிரித்தானியாவிலும் செல்லுபடியாக்கப்பட்டது. அதைவிடச் சிறிய கால் ஃபார்திங்கும் 1839இலும், 1851 முதல் 1853 வரையும் இலங்கைக்காகவே அடிக்கப்பட்டது. அதன் அகலம் 13.5 மில்லிமீற்றர், சட்டைப் பொத்தான் அளவு. 1844 அரை ஃபார்திங் இன்றும் இலகுவாகக் கிடைக்கும், விலையும் கைக்கெட்டும். கால் ஃபார்திங் கொஞ்சம் அரிது. பிரித்தானிய நாணயவியலில் நமது நாட்டுக்கென்று இருக்கும் ஓர் இடம் இது. இங்குள்ள சேகரிப்பாளர் யாரும் இதை விடக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

நிலை பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலேயர் காசின் நிலையை 'ஃபெயார்', 'ஃபைன்', 'வெரி ஃபைன்', 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்', 'அன்சேர்க்குலேட்டட்' என்று ஏறுவரிசையில் தரம் பிரிக்கின்றனர். 'ஃபைன்' என்றவுடன் சிறந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அது நன்றாகத் தேய்ந்த காசு. ஒவ்வொரு படிக்கும் விலை இரட்டிப்பாகலாம், சில வேளை அதற்கு மேலும் போகும். தொடங்குபவருக்கு நடுவிலுள்ள 'வெரி ஃபைன்' போதும். ஸ்பிங்க் நிறுவனம் வருடாந்தம் வெளியிடும் விலைப்பட்டியல் நூல் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். இரண்டு மூன்று வருடம் பழைய பிரதியானாலும் பரவாயில்லை. ஆனால் அதிலுள்ளது வியாபாரி விற்கும் விலை. அதே காசை நீங்கள் விற்கப்போனால் அவர் கணிசமாகக் குறைத்தே கேட்பார். அவருக்கும் கடை வாடகை உண்டு, காசு விலைப்படும்வரை முதல் முடங்கிக் கிடக்கிறது. ஆகவே இன்று வாங்கி அடுத்த மாதம் விற்கும் நோக்கத்தோடு இதில் இறங்குபவர் நட்டப்படுவார். கடை முதலிலிருந்து ஒரு ரூபாய்கூட இதற்கு எடுக்காதீர்கள்.

ஏமாற வாய்ப்புள்ள இன்னொரு சரக்கு நினைவுக் கிரவுன்கள். 1965இல் வின்ஸ்டன் சேர்ச்சிலின் உருவத்தோடு வந்த கிரவுன் ஒரு கோடியே 90 இலட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்டது. 1977 வெள்ளி விழாக் கிரவுன் அதைவிட அதிகம். பெரிய காசு, பளபளப்பு, அழகான பெட்டி. லண்டன் போய்வந்த உறவினர் அன்பளிப்பாகத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், காசு கொடுத்து வாங்காதீர்கள். வெள்ளி என்று நினைத்து வாங்கியவர்களை நான் கண்டிருக்கிறேன். சாதாரணமாகப் புழக்கத்துக்கு வந்தவற்றில் வெள்ளி இல்லை. தங்க முலாம் பூசிய பென்னியும் அப்படித்தான்.

போலியைப் பிடிக்க நகைக்கடைத் தராசும் ஒரு சிறு காந்தமும் போதும். வெண்கலப் பென்னி 9.4 கிராம். தேய்ந்தால் சற்றுக் குறையலாம், கூடாது. 1971க்கு முந்திய பிரித்தானியக் காசு எதையும் காந்தம் இழுக்காது.

நமது நாட்டுக் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். கரையோரத்தில் இருப்பவர்கள் இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். மலிவான மெதுமையான பிளாஸ்டிக் அல்பங்களில் செம்புக் காசை வைத்தால் நாளடைவில் பச்சைப் பிசுபிசுப்பு ஏறும். சிறிய கடதாசி உறைகள் நல்லது. காற்றுப் புகாத பேணிக்குள் மருந்துப் போத்தலில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களையும் சேர்த்துப் போடலாம். காசை ஓரத்தில் பிடியுங்கள், முகத்தில் விரல் படக்கூடாது. மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் சற்று ஊறவைத்து, துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். புளி, தேசிக்காய், பிரசோ எதுவும் கிட்ட வரக்கூடாது.

கடைக்கு ஸ்டொக் புத்தகம் வைப்பதுபோல் இதற்கும் ஒரு கொப்பி வையுங்கள். வாங்கிய திகதி, யாரிடம், என்ன விலை, என்ன நிலை, எத்தனை கிராம். வெளிநாட்டு ஏலத்தில் வாங்கினால் ஏலம் முடிந்த விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கட்டணமும், பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ, தபால் செலவும் சேரும். அதையும் சேர்த்தே கொப்பியில் விலையாக எழுதுங்கள். மலிவென்று நினைத்து எடுத்த பல காசுகள் அந்த வரியில்தான் தங்கள் உண்மையான விலையைச் சொல்லும்.