முடிவுக்கோடு இல்லாத ஓட்டம்

ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருபவனைச் ‘செக்குமாடு’ என்று கேலி செய்வது நம் வழக்கம். எத்தனை காதம் நடந்தாலும் அந்த மாடு எந்த ஊருக்கும் போய்ச் சேர்வதில்லை என்பதே அக்கேலியின் பொருள். ஆனால், 400 மீட்டர் தடத்திலோ, ஒரு பூங்காவின் சிறு பாதையிலோ, ஒரு பகலும் ஓர் இரவும் தாமாக விரும்பிச் சுற்றி வருவோர் உலகின் பல நாடுகளில் இருக்கின்றனர். அவர்கள் பங்கேற்பது நேரம் வரையறுத்த நெடுந்தொலை ஓட்டம். அதன் வரலாறு, முறை, அது கற்பிக்கும் பாடம் ஆகியவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

தொலைவும் நேரமும்

நாம் அறிந்த ஓட்டங்களில் தொலைவு முன்கூட்டியே வரையறுக்கப்படுகிறது. ஓடி முடிக்கும் நேரம் அளக்கப்படுகிறது. மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். அதை விரைவாகக் கடப்பவர் வெற்றி பெறுகிறார். இங்கோ நிலைமை தலைகீழ். 6 மணி, 12 மணி, 24 மணி, 48 மணி, 6 நாள் என்று நேரம் வரையறுக்கப்படுகிறது. அதற்குள் கடந்த தொலைவே அளக்கப்படுகிறது. எனவே இதில் முடிவுக்கோடு என்ற ஒன்றே இல்லை. நேரம் முடிந்ததும் ஒலி எழுப்பப்படும். ஒவ்வொருவரும் அப்போது இருக்கும் இடத்தில் அடையாளம் வைப்பர். முழுமை பெறாத கடைசிச் சுற்றை நடுவர்கள் அளந்து கணக்கில் சேர்ப்பர். முதலிடம் பெற்றவரும் கடைசி இடம் பெற்றவரும் ஒரே நொடியில் ஓட்டத்தை முடிப்பது இப்போட்டியின் தனிச்சிறப்பு.

வரலாறு

இவ்வகைப் போட்டி புதியதன்று. 1870-களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆறு நாள் நடைப் போட்டிகள் மக்களைப் பெரிதும் கவர்ந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் கேளிக்கை கூடாது என்பது அக்கால வழக்கம். ஆதலால் திங்கள் பிறந்த நள்ளிரவில் தொடங்கிச் சனி இரவில் முடித்தனர். எட்வர்ட் பேசன் வெஸ்டன் 1874-இல் நியூவார்க் நகரில் ஆறு நாளுக்குள் 500 மைல் நடந்து புகழ் பெற்றார். 1878-இல் சர் ஜான் ஆஸ்ட்லி என்பவர் இலண்டனில் பெல்ட் பரிசுடன் ஒரு போட்டியைத் தொடங்கினார். அதில் நடக்கவும் செய்யலாம், ஓடவும் செய்யலாம். 1888-இல் ஜார்ஜ் லிட்டில்வுட் நியூயார்க்கில் 623 மைலுக்கு மேல் கடந்தார். 96 ஆண்டுகள் கழித்து, 1984-இல், அதே நியூயார்க்கில் கிரேக்க வீரர் யான்னிஸ் கூரோஸ் 635 மைல் ஓடித்தான் அதை முறியடிக்க முடிந்தது.

24 மணி ஓட்டத்தில் கூரோஸ் 1997-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 303.506 கிலோமீட்டர் கடந்தார். லித்துவேனியாவின் அலெக்சாண்டர் சொரோகின் 2021-இல் அதை மிஞ்சினார். 2022-இல் இத்தாலியின் வெரோனாவில் 319.614 கிலோமீட்டர் ஓடினார். நமக்கு அருகிலேயே, 2022 ஜூலையில் பெங்களூரு கண்டீரவா விளையாட்டரங்கில் ஆசிய, ஓசியானிய நாடுகளுக்கான 24 மணி ஓட்டப் போட்டி நடைபெற்றது. அதில் இந்திய ஆடவர் அணி தங்கம் வென்றது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியாகும்.

கணக்கு சொல்லும் உண்மை

கூரோஸின் 303.506 கிலோமீட்டர், 400 மீட்டர் தடத்தில் 758 சுற்றுகளும் 306 மீட்டரும் ஆகும். உணவு, ஓய்வு எல்லாவற்றையும் சேர்த்தே ஒரு சுற்றுக்கு அவர் எடுத்துக்கொண்ட சராசரி நேரம் ஒரு நிமிடம் 54 நொடிகள். ஒரே ஒரு சுற்றை அந்த வேகத்தில் ஓட நம் கல்லூரி மாணவர் பலராலும் இயலும். அருமை வேகத்தில் இல்லை, நில்லாமையில் இருக்கிறது.

ஒருவர் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். 24 மணியில் 216 கிலோமீட்டர் ஆகும். மணிக்கு ஐந்தே நிமிடம் நாற்காலியில் அமர்ந்தால் மொத்தம் இரண்டு மணி நேரம் போய்விடும். 18 கிலோமீட்டர் குறைந்துவிடும். அமர்வதற்குப் பதிலாக நடந்தால் அந்த இழப்பில் பெரும்பகுதி மீளும். ஆகவே, தேர்ந்தவர்கள் களைத்த பின் நடப்பதில்லை. தொடக்கத்திலிருந்தே இத்தனை நிமிடம் ஓட்டம், இத்தனை நிமிடம் நடை என வகுத்துக்கொள்கின்றனர். உணவையும் நடந்துகொண்டே உண்கின்றனர்.

தடத்தின் உள்விளிம்பை விட்டு ஒரு மீட்டர் விலகி ஓடினால் ஒவ்வொரு சுற்றிலும் ஆறு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட நேரும். 500 சுற்றில் அது மூன்று கிலோமீட்டரைத் தாண்டும். அந்த உழைப்பு எவர் கணக்கிலும் ஏறாது. மேலும், வளைவுகளில் இரு கால்களுக்கும் ஒரே அளவு பாரம் விழுவதில்லை. இதனால் சில மணிகளுக்கு ஒருமுறை ஓடும் திசையை மாற்றும் வழக்கம் பல போட்டிகளில் உண்டு.

உடலும் மனமும்

தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்துள்ள மாவுச்சத்து சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆதலால் சிறிது சிறிதாக உண்டுகொண்டே இருத்தல் வேண்டும். தாகத்துக்கு மேல் வெறும் நீரை மிகுதியாகக் குடிப்பதும் தீங்கே. இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். நள்ளிரவுக்குப் பின், விடியும் முன், உடல்வெப்பம் தாழ்ந்து உறக்கம் கண்ணைச் சுழற்றும். பலர் தடத்தை விட்டு விலகுவது அந்நேரத்தில்தான்.

சிறு சுற்றில் நன்மைகள் பல. உணவு, உலர்ந்த சட்டை, மருத்துவர் எல்லாம் சில நிமிடத் தொலைவிலேயே இருப்பர். வழி தவறும் அச்சமில்லை. ஆனால், அந்த நன்மையே சோதனையும் ஆகிறது. காட்டுவழியில் களைத்தவன் நின்றாலும் வீடு போய்ச் சேர நடந்தே ஆக வேண்டும். இங்கோ ஒவ்வொரு சுற்றிலும் அவனுடைய நாற்காலியும் போர்வையும் எதிரே வந்து அழைக்கின்றன. 500 சுற்று ஓடியவன் உண்மையில் 500 முறை ‘இன்னும் ஒன்று’ என்று முடிவு செய்தவன் ஆவான்.

எப்போது நிற்க வேண்டும்?

இதனால் எந்நிலையிலும் நிற்கவே கூடாது என்று கொள்வது பெரும் பிழை. நெஞ்சுவலி, மனக்குழப்பம், கறுத்த நிறச் சிறுநீர், நடையையே கோணலாக்கும் வலி ஆகியவை களைப்பல்ல, ஆபத்தின் அறிகுறிகள். அவை தோன்றின் உடனே நின்று மருத்துவரை நாட வேண்டும். வலிமாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுவது சிறுநீரகத்துக்குக் கேடு. சோர்வு, சலிப்பு, உறக்கம், கால்கடுப்பு ஆகியவை வேறு வகை. இவை ஒரு கவளம் உணவிலும் ஒரு சுற்று நடையிலும் பெரும்பாலும் தணியும். இவ்விரு வகையையும் பிரித்தறியும் தெளிவே இவ்வோட்டத்தின் உயிர்நாடி. களைப்பை ஆபத்தென்று எண்ணி விலகுபவன் தொலைவை இழப்பான். ஆபத்தைக் களைப்பென்று எண்ணித் தொடர்பவன் தன்னையே இழப்பான்.

முடிவாக

செக்குமாட்டின் கண்கள் கட்டப்பட்டிருக்கின்றன; அது நிற்பதும் நடப்பதும் பிறர் விருப்பம். இவ்வோட்டக்காரன் கண் திறந்து சுற்றுகிறான். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தன் உடலிடம் கேட்டு, தானே முடிவு செய்கிறான். மாணவராகிய நமக்கும் மூன்றாண்டு என்று நேரம் வரையறுக்கப்பட்டுள்ளது. அதே வகுப்பறை, அதே நூலகம், அதே பாதை. மணி அடிக்கும்போது எல்லோரும் ஒன்றாகவே வெளியேறுவோம். அதுவரை கடந்த தொலைவு எவ்வளவு என்பது மட்டும் அவரவர் கணக்கு.