பாக்டீரியாவும் பாற்சர்க்கரையும்

வேண்டும் பொருளை வேண்டும்பொழுது மட்டும் ஆக்கிக்கொள்ளுதல் பாக்டீரியாவின் இயல்பு. இஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1941ஆம் ஆண்டில், பாரிஸ் நகரத்து அறிஞர் ஜாக் மோனோ, பாக்டீரியாக்களுக்குக் குளுக்கோஸையும் வேறொரு சர்க்கரையையும் ஒருங்கே அளித்தார். அவை முதலில் குளுக்கோஸையே உண்டு பெருகின. அது தீர்ந்ததும் பெருக்கம் சிறிது நேரம் நின்றது. பின்னரே மற்றதை உண்டு மீண்டும் பெருகின. இடையில் நின்றது என்னை? நம் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியா லாக்டோஸாகிய பாற்சர்க்கரையை உண்ணும் முறை இதனை விளக்கும்.

லாக்டோஸைப் பிளத்தற்கு ஒரு நொதி வேண்டும். அந்நொதிக்கு உருக்கொடுப்பது லாக்டோஸே என்று முன்னர்க் கருதியோரும் உளர். உண்மை அதுவன்று. நொதியை ஆக்கும் ஜீன் பாக்டீரியாவினுள் முன்னரே உள்ளது. ஆயினும், அதன் வாயிலில் ஒரு தடைப்புரதம் அமர்ந்து, அது செயற்படாதவாறு காக்கின்றது. இத்தடை முற்றும் இறுக்கமானதன்று. ஆதலின் நொதி மிகச் சிறிதளவு எப்பொழுதும் இருக்கும். லாக்டோஸ் உட்புகுந்தால், அந்நொதி அதில் ஒரு பகுதியை அல்லோலாக்டோஸாக மாற்றும். அது தடைப்புரதத்தைப் பற்ற, புரதம் வடிவு மாறி வாயிலை விட்டு நீங்கும், நொதி பெருகும்.

குளுக்கோஸ் மிகுந்துள்ளபோது லாக்டோஸ் உள்ளே புகுதலே தடைப்படும். அந்த ஜீனைத் தூண்டும் வேறொரு புரதமும் வலி குன்றியிருக்கும். ஆகவே, குளுக்கோஸ் தீர்ந்தபின் புதிய நொதியை ஆக்குதற்குச் செல்லும் காலமே மோனோ கண்ட இடைவேளையாம்.

தடை ஒன்று உண்டென்பது எவ்வாறு புலனாயிற்று எனின், கூறுவோம். நொதியை ஆக்கும் ஜீனும் தடையை ஆக்கும் ஜீனும் பழுதுற்ற பாக்டீரியாவினுள், பழுதற்ற அவ்விரு ஜீன்களையும் புகுத்திப் பார்த்தனர் பார்டீ, ஜாக்கோப், மோனோ என்னும் மூவர். லாக்டோஸ் இல்லாமலே நொதி உண்டாயிற்று. ஆனால், சிலபொழுது சென்றபின் அது நின்றுவிட்டது. புதிய ஜீனால் ஆக்கப்பட்ட தடைப்பொருள் அதற்குள் திரண்டுவிட்டமையே காரணம். 1959இல் வெளிவந்த இச்சோதனையை அடியாகக்கொண்டு, 1961இல் ஜாக்கோப்பும் மோனோவும் 'ஓபரான்' கொள்கையை விரித்துரைத்தனர். 1965இல் அவ்விருவரும் லுவோஃபும் நோபெல் பரிசு பெற்றனர். மறு ஆண்டில் கில்பர்ட்டும் மூல்லர்-ஹில்லும் தடைப்பொருளைப் பிரித்தெடுத்து, அது புரதமே என நிறுவினர்.

சர்க்கரை பாக்டீரியாவுக்குப் புதிதாக ஒன்றையும் கற்பிக்கவில்லை. உள்ளிருந்த ஆற்றலின் தடையையே நீக்கிற்று. நம் உடலின் உயிரணுக்கள் ஏறக்குறைய ஒரே ஜீன்களை உடையனவாயினும், கண் கண்ணாகவும் ஈரல் ஈரலாகவும் அமைவது எற்றால்? எந்த ஜீன் எங்கே திறக்கப்படும், எது எங்கே அடைக்கப்படும் என்னும் ஒழுங்கினாலேயாம். அதன் முறைகள் நம் உடலில் மிகப் பலவாய் விரியினும், அவ்வொழுங்கை அறிதற்கு முதல் வழி காட்டியது இச்சிற்றுயிரே.