அஞ்சுவார்க்குத் துணையாதல்

அச்சம் மனித இயல்பு. பாம்பைக் கண்டு விலகுவதும், தேர்வுக்கு முதல்நாள் உறக்கம் குறைவதும் நோய் ஆகா. அஞ்சத்தக்க பொருள் எதிரே இல்லாதபோதும் மனம் ஓயாது நடுங்கி, உண்ணவும் உறங்கவும் வெளியே செல்லவும் இயலாதவாறு தடுக்குமானால், அதனைப் பதற்றநோய் என்பர் மருத்துவர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 30 கோடிப் பேர் இந்நோய்க்கு ஆளாகியிருந்தனர். ஆகவே, நம் உற்றார் நடுவிலும் இத்தகையோர் இருத்தல் வியப்பன்று. உடனிருப்போர் அவர்க்கு எங்ஙனம் துணை செய்வது என்பதே இப்பாடத்தின் பொருள்.

1. உடல் படும் பாடு

ஆபத்து நேர்ந்ததென மூளை பிழையாகக் கருதினும், உடல் அதனை மெய்யென்றே கொள்கிறது. அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், கை வியர்க்கும், வயிறு கலங்கும். எனவே, “எல்லாம் உன் கற்பனை” என்று கூறுதல் பொருந்தாது. நெஞ்சின் படபடப்பு உண்மையே.

திடீரென எழும் கடும் பதற்றம் பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சம் அடைந்து, பின்னர்த் தானே தணியும். அவ்வேளையில் அருகில் அமர்ந்து, “இது தணிந்துவிடும், நாங்கள் இங்கேயே இருக்கிறோம்” எனத் தாழ்ந்த குரலில் கூறி, மூச்சை மெல்ல வெளிவிடச் செய்தால் போதும். அறிவுரைக்கு அது நேரமன்று. எனினும், முதன்முறை நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தோன்றின், மருத்துவரிடம் உடனே காட்டுதல் வேண்டும். இதயக் கோளாறும் தைராய்டு மிகுதியும் இவ்வாறே தோன்றக்கூடும்.

2. அன்பே தடையாதல்

சிற்றூரிலிருந்து வந்தவாசிக்குப் பேருந்தில் சென்று பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் ஒரு மகளை எண்ணிப் பார்ப்போம். நெரிசலில் ஒருநாள் அவளுக்குப் படபடப்பு வருகிறது. மறுநாள் பேருந்தென்றாலே அஞ்சுகிறாள். தந்தை தம் வண்டியில் கொண்டுபோய் விடுகிறார். சில நாளில் வகுப்பறையும் அச்சம் தருகிறது. விடுப்புக் கடிதம் எழுதப்படுகிறது. “நாளைக்கும் வந்துவிடுமா அம்மா?” என்று இரவில் பத்துமுறை கேட்கிறாள். “வராது கண்ணே” என்று பத்துமுறையும் தாய் விடை கூறுகிறாள்.

இவற்றுள் அன்பில்லாத செயல் ஒன்றேனும் உண்டோ? இல்லை. ஆயினும் விளைவு வேறாகிறது. விலகிய ஒவ்வொரு நாளும் சற்றே ஆறுதல் கிடைக்கிறது. “போகாததால் தப்பினேன்” என்று மனம் கற்றுக்கொள்கிறது. “வராது” என்ற உறுதிமொழியும் சிறிது பொழுதே நிலைத்து, மீண்டும் கேட்கத் தூண்டுகிறது. நாம் சுமந்து செல்லச் செல்ல, அவள் நடை மறக்கிறாள்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழுவினர் செய்து 2020 இல் வெளியான ஆய்வு இங்கே கருதத்தக்கது. பதற்றமுற்ற பிள்ளைகளுக்குச் சிகிச்சை தராமல், பெற்றோர்க்கு மட்டும் தம் நடத்தையை மாற்றப் பயிற்சி அளித்தனர். பிள்ளைகளுக்கு நேராகத் தரும் உளச்சிகிச்சைக்கு இணையான பயன் விளைந்தது.

3. செய்யத்தக்கவை

(அ) துன்பத்தை ஏற்பதும் திறனை நம்புவதும் ஒருசேர வேண்டும். “உனக்கு இது கடினம் என்பதை அறிவோம், நீ தாங்குவாய் என்பதையும் அறிவோம்” என்பது அத்தகைய சொல். முதற்பகுதி மட்டும் எனில் இரக்கம். பிற்பகுதி மட்டும் எனில் கண்டிப்பு.

(ஆ) படிகளைச் சிறியனவாக அமைத்தல் வேண்டும். முதலில் தாயுடன் பேருந்து நிறுத்தம் வரை. அடுத்து ஒரு நிறுத்தம் வரை. பின்னர் நெரிசலற்ற வேளையில் முழுப் பயணம். இறுதியில் தோழியுடன் வழக்கமான பேருந்து. ஒரு படி பழகிய பின்னரே அடுத்தது. எந்தப் படி என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். சொல்லாமல் திடீரென உந்தித் தள்ளுதல் தீது.

(இ) ஒரே வினாவிற்கு ஒருமுறை விடை கூறுவதென முன்னரே அவளுடன் பேசி முடிவு செய்தல் நன்று.

(ஈ) இல்லத்தார் ஒருமனப்படுதல் வேண்டும். தாய் படி அமைக்க, பாட்டி இரக்கத்தால் “இன்று போகவேண்டாம்” என்றால் பயனில்லை.

4. மறைத்தல் ஆகாது

“வெளியே தெரிந்தால் திருமணம் தடைப்படுமே” என்று பல குடும்பத்தார் ஆண்டுக்கணக்கில் மறைக்கின்றனர். உறவு வட்டம் சிறியதாயின் இவ்வச்சம் மிகும். மறைக்கும் காலம் நோய் வேரூன்றும் காலம். உளச்சிகிச்சையாலும் மருந்தாலும் பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர். சில மருந்துகள் பயன்தரப் பல வாரம் ஆகும். இடையில் தாமாக நிறுத்துதல் கூடாது. இரவில் உண்ணாமையும் உபவாசமும் மேற்கொள்வோர் அதனை மருத்துவரிடம் முன்னரே கூறி, மருந்து வேளையைக் கேட்டு அமைத்துக்கொள்க.

2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுமாயின், ஒரு கணமும் தனியே விடாது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க.

சிந்திக்க

1. நம் இல்லத்தில் அஞ்சுவோர்க்காக நாம் செய்துவரும் செயல்களுள், அவரே செய்யக்கூடியவை எவை?

2. அவற்றுள் எளியது எது? அதனை அவரிடம் எந்தச் சொற்களால் ஒப்படைப்போம்?

3. துணை நிற்பவரும் களைப்பர். இவ்வாரம் அவர் சுமையில் ஒரு பங்கை ஏற்பவர் யார்?