இரண்டு அம்புக்குறிகளும் ஒன்றாக வேண்டும்

வீட்டிலிருந்தபடியே கடைக் கணனியை இயக்கும் வியாபாரிகள் இன்று பலர். நானும் அப்படித்தான் இரவில் கணக்குப் பார்க்கிறேன். திரையில் சில வேளை இரண்டு அம்புக்குறிகள் தெரியும். ஒன்று நம் கையசைவுக்கு ஓடுவது, மற்றது கடைக் கணனியினுடையது. இரண்டும் விலகி நின்றால், சேமிக்கப் போய் அன்றைய விற்பனையையே அழித்துவிட நேரலாம்.

காரணம் எளிது. சில இணைப்புகளில் மவுஸ் எவ்வளவு நகர்ந்தது என்பது மட்டுமே மறுபக்கம் போகிறது. அங்குள்ள விண்டோஸ், வேகமான அசைவை மேலும் நீட்டிவிடுகிறது. எனவே கடைக் கணனியின் கன்ட்ரோல் பெனலில் மவுஸ், பொயின்டர் ஒப்ஷன்ஸ் சென்று, 'என்ஹான்ஸ் பொயின்டர் பிரிசிஷன்' என்பதிலுள்ள சரி அடையாளத்தை நீக்குங்கள். வேகத்தை நடுவில் வையுங்கள். பிறகு அம்பை இடது மேல் மூலைவரை இழுத்தால் இரண்டும் சேரும். சேரும்வரை கணக்கில் கைவைக்க வேண்டாம்.