புற்றுநோய்ச் சிகிச்சையும் சத்து மாத்திரைகளும்

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981ஆம் ஆண்டு மத்திய, கேரள அரசுகளின் ஒத்துழைப்புடன் மண்டலப் புற்றுநோய் மையம் நிறுவப்பட்டது. கேரளத்தினரேயன்றி, கன்னியாகுமரி முதலான தமிழக மாவட்டத்து மக்களும் இங்குச் சிகிச்சை பெறுகின்றனர். மருந்து ஏற்றிக்கொள்ளும் நோயாளி உணவு செல்லாது மெலிவதைக் காணும் குடும்பத்தார், உடல் தேறட்டும் என்ற ஆவலில் சத்து மாத்திரைகளைக் கடன்பட்டேனும் வாங்கிக் கொடுப்பதுண்டு. இச்செலவால் விளையும் பயன் யாது என்பதை ஆராய்வது அவசியமாகும்.

உயிரணுக்கள் ஆக்சிஜனைக் கொண்டு சக்தியை உண்டாக்கும்போது, மற்ற மூலக்கூறுகளைத் தாக்கும் இயல்புடைய வினைத்துகள்கள் தோன்றுகின்றன. இவற்றை அடக்குபவை ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள்கள். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் ஆகியவை இவ்வகையின. துகள்கள் மிகுந்து தடுப்பு குறையும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் எனப்படுகிறது. நோயும் ஊட்டக்குறைவும் இதனை வளர்க்கின்றன.

சிகிச்சையும் இதனை வளர்க்கிறது என்பதே சிக்கல். டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் இத்துகள்களைப் பெருக்குகின்றன. அவை இதயம், சிறுநீரகம் போன்ற உறுப்புகளுக்குத் தீங்கு செய்யக்கூடும். எனினும் புற்றணுக்கள் அழிவதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. கதிர்வீச்சுச் சிகிச்சையும் பெருமளவு இவ்வழியிலேயே செயற்படுகிறது. ஆகவே, நல்ல அணுவைக் காக்க உண்ணும் மாத்திரை புற்றணுவையும் காத்துவிடலாம் என்ற ஐயம் எழுகிறது.

இத்தகைய சத்துகளைச் சோதித்துப் பார்த்ததில் திருவனந்தபுர மையத்துக்கும் பங்குண்டு. அச்சோதனை சிகிச்சை பெறுவோரிடம் நடந்ததன்று. புற்றுநோய்க்கு முன்னோடியாகக் கருதப்படும் வாய் வெண்படலம் உடைய 160 பேரிடம் நடந்தது. 1997இல் வெளியான முடிவுகளின்படி, ஓராண்டில் வைட்டமின் ஏ பெற்றவர்களுள் 52 சதவீதத்தினருக்கும், பீட்டா கரோட்டின் பெற்றவர்களுள் 33 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களுள் 10 சதவீதத்தினருக்கும் படலம் முற்றிலும் மறைந்தது. ஆனால் மாத்திரையை நிறுத்தியபின், குணமடைந்தோரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது மீண்டும் தோன்றியது.

பிற நாடுகளின் அனுபவம் மேலும் எச்சரிக்கை தருகிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் உண்டோரிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது என 1994இல் அறியப்பட்டது. அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து பெற்ற 1,134 பேரைப் பற்றிய ஆய்வு 2019இல் வெளியாயிற்று. சிகிச்சைக்கு முன்னும் சிகிச்சையின்போதும் இம்மாத்திரைகளை உண்டோரிடம் நோய் திரும்பும் போக்கு மிகுதியாகக் காணப்பட்டது. இதனை முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது, புறக்கணிக்கவும் இயலாது.

எனவே, சிகிச்சைக் காலத்தில் இத்தகைய மாத்திரைகளை மருத்துவரின் ஒப்புதலின்றி உண்ணலாகாது. ஏற்கெனவே உண்டு வருவோர் அதனை மறைக்காமல் அவரிடம் கூறவேண்டும். குறைபாடு இருப்பதாகக் கண்டு மருத்துவரே தரும் வைட்டமின்கள் இத்தடைக்கு உட்பட்டவையல்ல, உணவும் அவ்வாறே. நன்கு கழுவிச் சமைத்த முருங்கைக்கீரை, பயறு, முட்டை, மத்தி மீன் ஆகியவை மெலிந்த உடலுக்குத் தேவையான புரதத்தையும் பிற சத்துகளையும் அளிக்கின்றன. சிறுவருவாய்க் குடும்பம் மாத்திரைக்குச் செலவிடும் பணத்தை நல்லுணவுக்கும், தவணை தவறாமல் சிகிச்சைக்கு வந்து செல்லும் பயணத்துக்கும் ஒதுக்குமாயின், அதுவே நோயாளிக்குச் செய்யும் பெருந்துணையாகும்.