மும்பையில் புழக்கடைக் கோழி வளர்ப்பு

திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பை நாடி வந்து தாராவியில் குடியமர்ந்த குடும்பங்களுக்குக் கோழி வளர்ப்பு புதியதன்று. ஊரில் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டால் போதும். கோழிகள் குப்பையைக் கிளறித் தாமே இரை தேடிக்கொள்ளும். ஆயினும் அம்முறை மும்பைக்கு ஏற்றதன்று. இங்கு மேய்ச்சலுக்கு நிலமில்லை. மேலும், ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு அதிகமான மழை, பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. ஆகவே, ஈரத்தை வெல்லுவதே இந்நகரில் கோழி வளர்ப்போர் கற்க வேண்டிய முதற் பாடமாகும்.

இடமும் அனுமதியும்

சுவரோடு சுவர் ஒட்டிய சந்து வீடுகளில் கோழி வளர்த்தல் தகாது. அது கோழிக்கும் நலமன்று; அண்டை வீட்டாருக்கும் நலமன்று. மாதுங்கா, செம்பூர் முதலிய பகுதிகளில் திறந்த கொல்லையுள்ள வீடுகளே இதற்கு உகந்தவை. தொடங்குமுன் மாநகராட்சியின் வட்டார அலுவலகத்திலும், வீட்டு வசதிச் சங்கம் இருப்பின் அதனிடமும், விதிகளைக் கேட்டறிந்து அனுமதி பெறுதல் வேண்டும். முட்டைக்காக மட்டும் வளர்ப்போருக்குச் சேவல் தேவையில்லை. சேவல் இல்லாமலே பெட்டைகள் முட்டையிடும். அம்முட்டைகள் குஞ்சு பொரியா என்பதே வேறுபாடு. விடியற்காலையில் கூவும் சேவலைத் தவிர்த்தால் அயலாரின் உறக்கமும் கெடாது.

கூடு

ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி என்னும் கணக்கில், ஐந்து கோழிகளுக்குப் பத்துச் சதுர அடித் தரை தேவை. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் சாந்தாக்குரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்தகைய நகரில் கூட்டின் தரை நிலமட்டத்திலேயே இருத்தல் கூடாது; செங்கல் மேடையின் மீதோ உயர்ந்த கால்களின் மீதோ அமைக்க வேண்டும். கூரை நாற்புறமும் நீண்டு சாரலைத் தடுக்க வேண்டும். எலியும் பூனையும் நுழையாதவாறு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை பொருத்த வேண்டும்.

காற்றோட்டம் மிக முக்கியமானது. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்து, நீராவியை வெளியேற்றியே அது தன் உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் இது தடைப்படுகிறது. ஆதலின், மழைக்கு அஞ்சிக் கூட்டை நாற்புறமும் மூடிவிடுவது பெருந்தவறு.

தரையில் உமி அல்லது மரத்தூளை மூன்று அங்குல உயரத்திற்குப் பரப்புதல் நன்று. இக்கூளம் நனைந்தால் எச்சத்திலிருந்து அம்மோனியா வாயு எழுந்து கண்ணையும் சுவாசக் குழலையும் தாக்கும். இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிர், வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இரண்டொரு நாளிலேயே பிற கோழிகளைப் பற்றும் நிலையை அடைகிறது. கூளத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விட வேண்டும். உதிர்ந்தால் நலம், உருண்டையாக நின்றால் ஈரம் மிகுந்துள்ளது. அப்போது கூளத்தைக் கிளறிவிட்டுச் சிறிது சுண்ணாம்பு கலக்க வேண்டும். நனைந்த பகுதியை அகற்றிவிட வேண்டும்.

கோழியும் காலமும்

ஒருநாட் குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் தேவை; பின்னர் வாரந்தோறும் ஐந்து டிகிரி குறைக்க வேண்டும். புதிதாகத் தொடங்குவோருக்கு இது எளிதன்று. ஆகவே, ஏறத்தாழ 12 வார வயதுடைய விடைக்கோழிகளை வாங்குதல் சிறந்தது. மழை ஓய்ந்த அக்டோபரில் வாங்கினால் அவை டிசம்பர் வாக்கில் முட்டையிடத் தொடங்கும். அடுத்த மழைக்கு முன்னர் நன்கு வளர்ந்து உறுதி பெற்றிருக்கும்.

நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைகள் வரை இடும். ஐதராபாத்திலுள்ள கோழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கிராமப்பிரியா இனம் ஏறத்தாழ 200 முட்டைகள் தரும். மத்திய அரசின் கோழி வளர்ச்சி நிறுவனம் ஆரே பால் குடியிருப்பில் உள்ளது. அங்குப் பயிற்சி பற்றியும் குஞ்சுகள் பற்றியும் விசாரித்து அறியலாம்.

தீவனம்

முட்டையிடும் கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் உண்ணும். ஐந்து கோழிகளுக்கு மாதம் ஏறத்தாழ 17 கிலோ ஆகும். இச்செலவைக் கணக்கிட்ட பின்னரே வளர்ப்பில் இறங்க வேண்டும். சமையலறைக் கழிவும் கீரைத் தழையும் துணை உணவாகுமேயன்றி முழு உணவாகா. ஒவ்வொரு முட்டையோட்டிலும் ஏறத்தாழ இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. அதனை ஈடுசெய்யக் கிளிஞ்சல் தூள் அளிக்க வேண்டும். இங்கும் ஈரமே பகை. மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் பூஞ்சணம் பூத்தால், அதன் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். மழைக்காலத்தில் சில நாட்களுக்கு வேண்டிய அளவே வாங்கி, மூடியுள்ள தகர டப்பாவில் வைத்தல் நலம்.

நோய்த் தடுப்பு

வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கேத் நோய்க்குச் சிகிச்சை இல்லை. தடுப்பு மருந்தே காப்பு. குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், ஏறத்தாழ எட்டாம் வாரத்தில் ஊசியும் இடப்படுகின்றன. விடைக்கோழி வாங்குவோர் இவ்விரண்டும் போடப்பட்டனவா என்று கேட்டறிதல் கடமை. ஐயம் எழுந்தால் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும். பரேலில் 1886-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி மாதுங்காவுக்கு அண்மையிலேயே உள்ளது.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் பரவியது; இந்தியாவில் அது கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை. மனிதரையும் தாக்கவல்ல நோய் அது. ஆதலின், கோழிகள் திடீரென அடுத்தடுத்து இறந்தால், அவற்றை வெறுங்கையால் தொடுவதும், சாக்கடையில் எறிவதும், எஞ்சியவற்றை விற்பதும் அறவே கூடாது. உடனே கால்நடைத் துறைக்கு அறிவிக்க வேண்டும். நெருங்கி வாழும் நகரில் ஒரு வீட்டின் கவனக்குறைவு பல வீடுகளைத் தாக்கும்.

ஐந்து கோழிகளுடன் தொடங்குக. ஒரு மழைக்காலம் முழுவதும் கூளம் காய்ந்தும், தீவனம் கெடாமலும், கோழிகள் நலமாகவும் இருந்தால், அதன் பின்னரே எண்ணிக்கையைப் பெருக்குதல் அறிவுடைமையாகும்.